வழுக்கினால் கை எங்கே போகும்? – சைக்கிள் கேள்வி பதில்

போன முறை இந்தப் பக்கத்தில், சைக்கிளுக்குக் கிறீஸ் வைக்கக் கடைக்குப் போகத் தேவையில்லை, வீட்டு விறாந்தையிலேயே செய்யலாம் என்று எழுதியிருந்தேன். அதை நம்பிக் கழற்றிப் பூட்டத் தொடங்கியவர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் சைக்கிளைப் பற்றியவை அல்ல, கையைப் பற்றியவை. பழி என்னில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆகவே இந்த முறை முழுக்கக் கைக்கதை.

நான் ஏ.எல் படிக்கிறேன். ரியூசனுக்குப் போய்வரும் சைக்கிளின் பெடல்கள் ஆடுகின்றன என்று புதுச்சோடி வாங்கி நானே மாற்றப் பார்த்தேன். இடது பெடல் என்ன செய்தும் அசையவில்லை. வலது பெடலுக்கு முழுப்பலத்தையும் கொடுத்தேன். ஸ்பனர் வழுக்கி, மூன்று விரல் மொளியும் பல்லுச்சில்லில் அடித்துக் கிழிந்துவிட்டன. இனிச் சைக்கிளில் கைவைக்கக் கூடாது என்கிறார் அப்பா. என்ன பிழை விட்டேன்?
– மாணவி, மானிப்பாய்

பிள்ளை, முதலில் அந்த இடது பெடலைப் பார்ப்போம். அது அசையாததற்குக் காரணம் உம்முடைய பலக்குறைவு இல்லை, நீர் அதை இன்னும் இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறீர். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியது. மற்ற நட்டுகளைக் கழற்றுகிற மாதிரி இடப்பக்கம் சுற்றினால் அது பூட்டும், வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்று வராமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். இடம், வலம் என்று மனதில் வைத்தால் எனக்கே சிலவேளை குழம்பும், அதனால் நான் வேறு மாதிரிப் பிடித்துவைத்திருக்கிறேன்: ஸ்பனரின் கைப்பிடி மேலே நிமிர்ந்து நிற்கட்டும், அதைப் பின் சில்லுப் பக்கமாகத் தள்ளினால் கழலும், முன் சில்லுப் பக்கமாகத் தள்ளினால் பூட்டும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்குத்தான்.

இனிக் கை. ஸ்பனர் வழுக்கத்தான் செய்யும், முப்பது வருடம் ஸ்பனர் பிடித்த எனக்கும் வழுக்குகிறது. வழுக்கினால் கை எங்கே போகும் என்பதைப் பலம் கொடுப்பதற்கு முன்னமே பார்த்துவைக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. நீர் குனிந்திருந்து, விரல்களை மடித்து ஸ்பனரை இறுக்கிப் பிடித்து, பல்லுச்சில்லை நோக்கித் தள்ளியிருப்பீர். வழுக்கின நேரம் முழுப்பலமும் மடித்த விரல் மொளிகளில் ஏறிப் பல்லில் போய் இறங்கியிருக்கும். அந்தப் பல்லு சும்மா பல்லு இல்லை, வருடக்கணக்காகச் செயின் தேய்த்துத் தீட்டிவைத்த பல்லு.

அடுத்தமுறை சைக்கிளைக் கவிழ்க்காமல் நிலத்தில் நிறுத்தும். வலது கிராங்கை, அதாவது பெடல் பூட்டியிருக்கிற தண்டை, முன்பக்கம் பார்க்கக் கிடையாக வையும். ஸ்பனரைக் கிராங்குக்குச் சமாந்தரமாகப் பின்பக்கம் நீட்டி மாட்டிவிட்டு, உள்ளங்கையை விரித்து மேலிருந்து கீழே அமத்தும். விரல் மடங்கவே கூடாது. அப்போது வழுக்கினாலும் கை நிலத்தைப் பார்த்துப் போகும், பல்லுப் பக்கம் திரும்பாது. மற்றக்கையால் பிறேக்கைப் பிடித்துக்கொள்ளும். செயினைக் கழற்றிவிட்டுப் பெடல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லாத வேலை. செயின் பல்லின்மேல் கிடந்தாலே பாதிக் கூர் மறைந்துவிடும், அதன்மேல் பழைய ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது. ஸ்பனரின் வாய் அளவாக இருக்க வேண்டும், இப்போதைய பெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு 15 மில்லிமீற்றர் சரிவரும். வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பனரை மட்டும் இதற்குப் பாவிக்காதேயும், துருப்பிடித்த பெடலில் அது நிச்சயம் வழுக்கும். அசையவே மாட்டேன் என்றால் மரையில் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவிடும். புதுப் பெடலைப் பூட்டும்போது மரையில் கொஞ்சம் கிறீஸ் பூசினால் அடுத்த தடவை இந்தச் சண்டையே வராது.

அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டும். தொடக்கூடாது என்றால் ஒவ்வொரு தடவையும் கடைக்காரனிடம்தான் வரவேண்டும், அது எனக்கு லாபம், உங்களுக்கு நட்டம்.

இவர் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிச் செயினுக்கு எண்ணெய் விடுவார். எங்கள் நாலு வயது மகனுக்கு அது பெரிய விளையாட்டு, பக்கத்தில் போய் நின்றுவிடுவான். போன ஞாயிறு கையை நீட்டினான், நான் கத்தினதால் தப்பியது. நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?
– ஒரு தாய், கொக்குவில்

இல்லைத் தங்கச்சி. உங்கள் பயம் நூற்றுக்கு நூறு சரி. சைக்கிளில் விரல் துண்டாகப் போகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது செயினும் பல்லும் சேருகிற இடம்தான். கவிழ்த்துவைத்த சைக்கிளில் அது நாலு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் வந்து நிற்கும். பிள்ளைகளுக்குச் சுற்றுகிறது எதுவும் பம்பரம்தானே.

உங்கள் வீட்டுக்காரர் ஒன்றை வடிவாகப் பார்க்க வேண்டும். செயின் பல்லை விட்டுப் பிரிகிற இடமும் இருக்கிறது, பல்லுக்குள் போய் ஏறுகிற இடமும் இருக்கிறது. பிரிகிற இடம் விரலை வெளியே தள்ளும், ஏறுகிற இடம் உள்ளே இழுக்கும். எது எது என்பது பெடலைச் சுற்றுகிற திசையோடு மாறும். ஆகவே இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: சைக்கிளைக் கவிழ்க்காமல் ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைப் பின்பக்கமாக, மெதுவாகச் சுற்ற வேண்டும். சீலைத்துண்டைப் பிடிக்க வேண்டிய இடம் செயினின் கீழ் ஓட்டம், பின் பல்லுக்குக் கிட்ட. பின்பக்கம் சுற்றும்போது அந்த இடத்தில் செயின் பின் பல்லை விட்டுப் பிரிந்து முன்னுக்குப் போகிறது. சீலை இழுபட்டாலும் முன் பல்லுக்குப் போய்ச்சேரக் கிட்டத்தட்ட ஒரு முழம் தூரம் இருக்கிறது, கையை எடுக்க அவகாசம் கிடைக்கும். சீலையை விரலில் சுற்றக் கூடாது, நுனியில் நூல் தொங்கக் கூடாது. நூல் தொங்கின சீலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். சாரத்தோடு வேலை செய்கிறவர் என்றால் தொங்கலை மடித்துக் கட்டட்டும். மகன் அந்த நேரம் வீட்டுக்குள் இருக்கட்டும், அல்லது அவன் கையில் எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்து நாலடி தள்ளி நிற்பாட்டுங்கள். சும்மா நில் என்றால் நிற்க மாட்டான், வேலை கொடுத்தால் நிற்பான்.

நடக்கக் கூடாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். விரல் செயினுக்குள் அகப்பட்டுவிட்டால் பதறிக் கையை இழுக்கவும் கூடாது, பெடலை மேற்கொண்டு சுற்றவும் கூடாது. பின் சில்லின் இரண்டு நட்டையும் இளக்கிச் சில்லை முன்னுக்குத் தள்ளினால் செயின் தொய்யும், அப்போது விரலை எடுக்கலாம். துண்டு ஏதும் விழுந்திருந்தால், ஒரு நுனிதானே என்று விடாதீர்கள். கையிலுள்ள காயத்தைச் சுத்தமான துணியால் அமத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். விழுந்த துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். துண்டை நேரே ஐஸ் கட்டியில் வைத்தால் அது பழுதாகிவிடும். 1990 என்று அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

என்னிடம் அப்பா வைத்திருந்த ரலி சைக்கிள் இருக்கிறது, இன்னும் ஓடுகிறது. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற கொட்டர் பின்னை மாற்றப்போய்ப் பெருவிரலில் சுத்தியலால் போட்டுக்கொண்டேன். பேத்தி கையுறை வாங்கித் தந்திருக்கிறாள், தடித்த துணிக் கையுறை. தொண்ணூறுகளில் நாங்கள் கையுறை போட்டா சைக்கிள் திருத்தினோம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

ஐயா, தொண்ணூறுகளில் நாங்கள் கையுறைக்கா போனோம்? ரியூப்புக்கே வழியில்லை. ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதற்கு மேல் ஒட்டு. மின்சாரம் இல்லாமல், பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடல் சுற்றி டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். அந்த நாட்களில் எத்தனை பேர் விரல் கடிபட்டார்கள் என்று நீங்களும் நானும்தான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் பேத்திக்குப் பாதிச் சரி. சுத்தியல், இரும்பு, துருப்பிடித்த மட்காட் தகரம் இவற்றுக்கெல்லாம் தடித்த கையுறை நல்லது. சுற்றுகிற எதற்குக் கிட்டவும் அதைப் போடக்கூடாது. தொளதொள என்ற துணிக் கையுறையின் நுனியைச் செயின் பிடித்தால் வெறுங்கையை விட மோசம், விரலையும் சேர்த்துக்கொண்டு போகும். செயின் வேலைக்குக் கையோடு ஒட்டிப் பிடிக்கிற மெல்லிய றப்பர் கையுறை போடுங்கள், பாமசியில் கிடைக்கும். மோதிரத்தைக் கழற்றிவையுங்கள். அது ஏதாவது ஒன்றில் கொளுவி இழுபட்டால் தோலையும் சதையையும் உரித்தெடுத்துவிடும், இது பயமுறுத்தச் சொல்கிற கதை இல்லை.

கொட்டர் பின்னுக்கு ஒரு வழி: நட்டை முழுக்கக் கழற்றாமல் மரையின் நுனி மறைகிற அளவுக்கு இளக்கி விடுங்கள், மரை நசியாது. கிராங்குக்குக் கீழே, கொட்டர் பின் வெளியே வருகிற பக்கத்தில், குழாய்த்துண்டு ஒன்றை நிலத்திலிருந்து முட்டுக் கொடுங்கள், கொட்டர் பின் அந்தக் குழாய்க்குள் இறங்கட்டும். அப்போது அடி முழுக்கப் பின்னில் இறங்கும், பத்து அடி அடிக்கிற இடத்தில் இரண்டு போதும். அடி குறைந்தால் பெருவிரலுக்கும் ஆபத்துக் குறையும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றாதீர்கள், இரும்புத் தூள் கண்ணுக்குப் பறக்கும்.

நகம் கறுத்து விண் விண் என்று குத்துகிறது. ஊசியைக் காய்ச்சி நகத்தில் ஓட்டை போட்டால் இரத்தம் வெளியேறிச் சுகமாகும் என்கிறான் நண்பன். செய்யலாமா?
– சாவகச்சேரி

வேண்டாம். வைத்தியர்கள் அப்படிச் செய்கிறார்கள்தான், நண்பன் அதை எங்கேயோ பார்த்திருப்பான். ஆனால் நகத்துக்குக் கீழே எலும்பு வெடித்திருந்தால் உங்கள் குசினி ஊசி கிருமியை நேரே எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சீலையில் சுற்றிய ஐஸ் வைத்து, கையை உயர்த்தி வைத்திருங்கள். குத்து தாங்க முடியாவிட்டால், நகம் முழுக்கக் கறுத்திருந்தால், விரல் நுனியை மடிக்கவோ நிமிர்த்தவோ முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்றே எடுக்கவேண்டும். நகம் விழுந்தாலும் பயமில்லை, மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் கணக்கில் வளரும், ஆறு மாதத்தில் புதுசு வந்துவிடும்.

பஞ்சர் ஒட்டும்போது ரயருக்குள் கைவிட்டு முள்ளைத் தேடுவேன். இரண்டு தரம் விரலில் ஏறிவிட்டது. ரயரைக் கழற்ற ஸ்குறூ டிறைவர்தான் பாவிக்கிறேன், அதுவும் ஒருக்கால் உள்ளங்கையில் குத்திவிட்டது.
– சுன்னாகம்

தம்பி, நெருஞ்சி முள் ரியூப்புக்கு ஒரு ஓட்டை போட்டது காணாது என்று உம்முடைய விரலுக்கும் போடக் கேட்கிறீரோ? கையை விடாதேயும். பஞ்சுத்துண்டு அல்லது பழைய நைலோன் சீலைத்துண்டை ரயரின் உட்பக்கம் சுற்றிவர மெதுவாக இழும். முள்ளோ கண்ணாடியோ இருக்கிற இடத்தில் அது கொளுவி நிற்கும். பிறகு வெளியிலிருந்து குறட்டால் பிடித்து எடும். இன்னுமொரு வழி, ரியூப்பில் ஓட்டை எந்த இடத்தில் என்று வால்விலிருந்து அளந்தால் ரயரில் முள்ளு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் ரியூப்பை வெளியே எடுக்கும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நினைவில் வைக்கச் சொல்வார்கள்.

ஸ்குறூ டிறைவரை எறிந்துவிடும். அது ரியூப்பையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். ரயர் கழற்றுகிற பிளாஸ்ரிக் நெம்பு மூன்று வாங்கும், அதன் விலை ஒரு ரியூப்பை விடக் குறைவு. அதைவிட முக்கியம், ரயரின் கம்பி விளிம்பைச் சுற்றிவர அமத்தி றிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கிவிடும். பள்ளத்துக்குள் இறங்கினால் எதிர்ப்பக்கம் ரயர் இளகும், சில ரயர்கள் வெறும் பெருவிரலாலேயே கழன்று வரும். பலம் தேவைப்படுகிறது என்றாலே ஏதோ ஒரு இடத்தில் விளிம்பு மேலே ஏறி நிற்கிறது என்று அர்த்தம்.

பெற்றோல் செட்டில் கொம்பிறசரால் காற்றடிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ரயர் சின்னது, கண் மூடித் திறக்கிறதுக்குள் நிறைந்து வெடித்துவிடும். ரயரின் பக்கவாட்டில் எத்தனை இறாத்தல் என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து விட்டு விட்டு அடியுங்கள். பிறேக் கம்பியின் நுனி பிரிந்து நின்றால் அதில் ஒரு சின்னத் தகர மூடி போட்டு நசித்துவிடுங்கள். அந்த மயிரளவு கம்பி விரலுக்குள் முறிந்து நின்றால், அதை எடுக்கிற பாடு முள்ளை விடப் பெரிய பாடு.

என் கணவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வேலை முடிய மண்ணெண்ணெயால் கை கழுவுவார். இப்போது உள்ளங்கை வெடித்து, சோறு பிசைய ஏலாமல் எரிகிறது என்கிறார்.
– சங்கானை

அம்மா, உங்கள் கணவர் மட்டும் இல்லை, எங்கள் தொழிலில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், கூடவே தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்புக்குள் திரும்பக் கிறீஸ் போகும், அதைக் கழுவத் திரும்ப மண்ணெண்ணெய். பெற்றோல் அதைவிடக் கெட்டது, நெருப்புப் பயம் வேறு.

கிறீஸைக் கரைக்க எண்ணெய் காணும். ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோ, வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயோ கையில் விட்டு, ஒரு கரண்டி சீனி போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு சவர்க்காரம், பிறகு தண்ணீர். ஆனால் தோல் வெடித்திருக்கும்வரை சீனி போடவேண்டாம், அது அராவும், எண்ணெயும் சவர்க்காரமும் போதும். காலையில் வேலை தொடங்க முன்னம் நகக்கணுக்களில் கொஞ்சம் வாசலீன் பூசினால் கிறீஸ் உள்ளே ஏறாது. படுக்கப்போகும்போது திரும்பவும் பூசட்டும். இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவருக்குச் சலரோகம் இருக்கிறதென்றால் இரண்டு கிழமை காத்திருக்கவே வேண்டாம்.

துருப்பிடித்த கம்பி குத்தினால் ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கட்டாயமா? வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள் வைப்பது சரியா?
– இரண்டு வாசகர்கள், ஏறக்குறைய ஒரே கேள்வி

துருவுக்கும் ஏற்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஏற்புக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஒழுங்கையால் ஓடிவந்த சைக்கிளில் இந்த இரண்டும் தாராளமாக ஒட்டியிருக்கும், பளபளக்கிற புதுச் செயின் என்றாலும் அதேதான். கம்பி குத்தின காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் ஆழமாக இருக்கும், காற்றுப் போகாத ஆழம்தான் அந்தக் கிருமிக்கு விருப்பம். சின்ன வயதில் ஊசிகளை ஒழுங்காகப் போட்டவர் என்றால், ஊத்தை பட்ட காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தால் ஒரு ஊசி தேவை, சுத்தமான சின்னக் காயத்துக்குப் பத்து வருடம். பள்ளிக்கூடத்தில் தரம் 7 அளவில் போட்டதுதான் பலருக்குக் கடைசி ஊசி, அதற்குப் பிறகு எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள்.

கோப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல், சிலந்திவலை, ஒன்றும் வேண்டாம். நான் கோப்பித்தூள் வைத்த ஆள்தான், வைத்தியர் அதைத் துணியால் உரசி உரசி எடுத்த நோவு வெட்டினதை விடக் கூட. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அமத்த வேண்டும். நின்றதா என்று இடையில் திறந்து பார்த்தால் திரும்ப முதலிலிருந்து பத்து நிமிடம். அதற்கும் நிற்காவிட்டால், காயம் வாய் பிளந்து நின்றால், விரல் விறைத்தால், அடுத்த நாட்களில் சிவந்து வீங்கிச் சிவப்புக்கோடு கைக்கு மேலே ஏறினால் ஆஸ்பத்திரி. கராஜில் அமுக்கத்தில் அடிக்கிற கிறீஸ் துப்பாக்கி விரலில் பட்டால், ஊசித்துளை அளவு காயம் என்றாலும் உடனே போக வேண்டும். கிறீஸ் தோலுக்குக் கீழே நெடுகப் போயிருக்கும், முதலில் நோவு பெரிதாக இருக்காது.

டிஸ்க் பிறேக் தட்டு நேராகச் சுற்றுதா என்று விரலை வைத்துப் பார்க்கலாமா?
– நல்லூர்

இல்லை. அந்தத் தட்டில் ஓட்டைகள் இருக்கின்றன, சுற்றும்போது அது மெல்லிய வாள். கண்ணால் பாரும்.

அண்ணை, ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்கிறீர்கள், உங்கள் கைக்கு ஒன்றும் நடக்கவே இல்லையா?
– கோண்டாவில்

நடந்தது. 1993. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வேலை. பொழுதுபட்டுவிட்டது, சைக்கிள்காரர் பக்கத்தில் நின்று எத்தனை மணியாகும் எத்தனை மணியாகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எண்ணெய் மிச்சம்பிடிக்க நானும் விளக்கைச் சின்னதாக்கி வைத்திருந்தேன். வலது கையால் பெடலை முன்பக்கமாகச் சுற்றுகிறேன், இடது கையில் பழைய சாரத்துண்டு, அதை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். நுனியில் தொங்கின ஒரு நூலைச் செயின் பிடித்தது. நூல் சீலையை இழுத்தது, சீலை விரலை இழுத்தது. சத்தம் கூட வரவில்லை, பெடல் மட்டும் கொஞ்சம் இறுகின மாதிரி இருந்தது. நான் துரு என்று நினைத்து இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

சுட்டுவிரல் நுனி தப்பியது, நகம் தப்பவில்லை. புதுசாக வளர்ந்த நகத்தின் நடுவே ஒரு வரம்பு ஓடுகிறது, தொட்டால் தெரியும். சைக்கிள்காரர் அன்றைக்கு நடந்துதான் போனார், அடுத்த நாள் வந்து காசும் தந்து, எனக்கு ஒரு மெழுகுதிரியும் தந்துவிட்டுப் போனார்.